தண்ணீரைப் பூட்டிவைத்த ஆலை

1823ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில், மான்செஸ்டருக்கு மேற்கே இருக்கும் டில்டஸ்லி என்ற ஊரில் நூற்பாலைத் தொழிலாளர்களுக்கும் முதலாளிகளுக்கும் தகராறு மூண்டது. தொழிலாளர் தரப்பில் ஒரு துண்டுப் பிரசுரம் வெளிவந்தது. ஆலைக்குள் எந்தக் குற்றத்துக்கு எவ்வளவு அபராதம் என்ற பட்டியல் அதில் இருந்தது. ஜன்னலைத் திறந்துவைத்தால் ஒரு ஷில்லிங். வேலை நேரத்தில் சீட்டியடித்தால் ஒரு ஷில்லிங். உடம்புக்கு முடியாமல் படுத்துவிட்டவர் தனக்குப் பதிலாக வேறு நல்ல ஆளை அனுப்ப முடியாவிட்டால், வீணாகும் நீராவிக்கு ஈடாக நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங் கட்ட வேண்டும். வேலை நேரம் பதினான்கு மணி. கூடத்தின் வெப்பம் 80 முதல் 84 டிகிரி ஃபாரன்ஹீட். நம் ஊரில் மார்கழி மத்தியானத்துக்கு இருக்கும் வெப்பம்தான் அது. ஆனால் ஜன்னல் அடைத்த கூடத்தில், பஞ்சுத் தூசியும் எண்ணெய் நாற்றமும் கலந்த காற்றில், விடிவதற்கு முன்னிருந்து இருட்டிய பிறகுவரை நின்றும் நடந்தும் வேலை செய்கிறவருக்கு அது வேறு வகை வெப்பம். குடிக்கத் தண்ணீர் வாங்கிவர வெளியே ஆளனுப்பக் கூடாது என்பது விதி. மழைத் தண்ணீரைக்கூட முதலாளியின் உத்தரவுப்படி பூட்டிவைத்திருந்தார்கள் என்று அந்தப் பிரசுரம் சொல்கிறது.

அதே காலத்தில்தான் லங்காஷயர் தொழிலாளி குடித்துச் சீரழிகிறான் என்ற புலம்பல் இங்கிலாந்து முழுவதும் எழுந்தது. பாதிரிமார்களும் நீதிபதிகளும் மருத்துவர்களும் அதைப் பற்றி எழுதிக் குவித்தார்கள். 1834இல் நாடாளுமன்றம் குடிப்பழக்கத்தை விசாரிக்கத் தனிக் குழுவே அமைத்தது. கல்கத்தாவில் பத்திரிகை நடத்தி, கிழக்கிந்தியக் கம்பெனியை விமர்சித்ததற்காக நாடு கடத்தப்பட்ட ஜேம்ஸ் சில்க் பக்கிங்ஹாம் அதன் தலைவர். இந்த விசாரணைகளிலும் எழுத்துகளிலும் பெரும்பாலானவை குடியைத் தொழிலாளியின் குணக்கேடாகவே பார்த்தன. வேறு சிலர் எல்லாப் பழியையும் இயந்திரத்தின் தலையில் போட்டார்கள். இரண்டும் பிசகு என்பதே என் வாதம். ஓர் இயந்திரம் வந்த பிறகு அங்கே வேலை செய்கிறவரின் உடல்நலமும் குடிப்பழக்கமும் எந்தப் பக்கம் போகும் என்பதை அந்த இயந்திரம் முடிவு செய்வதில்லை. அது மிச்சப்படுத்திக் கொடுத்த உழைப்பையும் நேரத்தையும் யார் எடுத்துக்கொண்டார்கள், அதன் வேகத்தை யார் நிர்ணயித்தார்கள், அதனால் வேலை இழந்தவரை யார் ஏந்திக்கொண்டார்கள் என்பவையே முடிவு செய்கின்றன. உலகிலேயே முதலில் இயந்திரமயமான தொழில் பருத்தித் தொழில், முதலில் இயந்திரமயமான வட்டாரம் லங்காஷயர். அதன் நூற்றைம்பது ஆண்டு வரலாறு இதற்குத் தெளிவான சாட்சி.

முதல் மறுப்பு உடனே எழும். இயந்திரம் வருவதற்கு முன்பு மட்டும் அவர்கள் குடிக்கவில்லையா? குடித்தார்கள், நன்றாகவே குடித்தார்கள். கைத்தறி நெசவாளர், செருப்புத் தைப்பவர், கத்தி செய்கிறவர் என்று வீட்டிலோ சிறு பட்டறையிலோ வேலை செய்த கைவினைஞர்களுக்குத் திங்கட்கிழமை எழுதப்படாத விடுமுறை. ‘புனிதத் திங்கள்’ என்று அதற்கு ஒரு செல்லப்பெயரும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை குடித்தது திங்கள்வரை நீளும், சில வேளை செவ்வாயையும் தொடும். பிறகு வியாழன், வெள்ளி இரவுகளில் விளக்கேற்றி வைத்துக்கொண்டு விட்டதையெல்லாம் நெய்து முடித்து, சனிக்கிழமை துணியைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். பட்டறைகளில் புதிதாகச் சேருகிற பையன் எல்லோருக்கும் குடி வாங்கித் தர வேண்டும். பயிற்சி முடிந்தால், கல்யாணமானால், வேறு மேசைக்கு மாறினால் மறுபடி வாங்கித் தர வேண்டும். ஸ்காட்லாந்துக்காரரான ஜான் டன்லப், தொழில் தொழிலாக இந்தக் குடிச் சடங்குகளைத் திரட்டி 1839இல் ஒரு புத்தகமே போட்டார். கூலியையே மதுக்கடையில் வைத்துப் பட்டுவாடா செய்யும் வழக்கம் பல தொழில்களில் இருந்தது. அதைப் பொதுவாகத் தடை செய்யும் சட்டம் 1883இல்தான் வந்தது. ஆகவே குடியை இயந்திரம் கொண்டுவரவில்லை. இதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் பழைய குடிக்கும் புதிய குடிக்கும் ஒரு பெரிய வேறுபாடு இருந்தது. கைத்தறிக்காரர் குடித்த திங்கட்கிழமை அவருடையது. எப்போது நெய்வது, எப்போது தறியை விட்டு எழுவது என்பதை அவரே தீர்மானித்தார். ஆலைக்குள் போனவரிடம் அந்தத் தீர்மானம் இல்லை.

நீராவி இயந்திரம் ஓடத் தொடங்கினால் நூற்றுக்கணக்கான கதிர்களும் தறிகளும் ஒரே தண்டிலிருந்து சுழலும். ஒருவர் தள்ளாடினால் அவர் விரல் மட்டும் போகாது, வரிசை முழுவதும் நின்றுவிடும். அதனால் ஆலை முதலாளிக்கு வேலை நேரத்தில் நிதானம் அவசியமாயிற்று. மணியடித்து ஐந்து நிமிடம் தாமதித்தால்கூட அபராதம் விதித்தார்கள். புனிதத் திங்கள் மெல்லத் தேய்ந்தது. சிறு பட்டறைகள் நிறைந்த பர்மிங்ஹாமில் அது 1870கள் வரை தாக்குப்பிடித்தது, பருத்தி ஆலைகளில் வெகு முன்பே மறைந்துவிட்டது. இயந்திரம் தொழிலாளியை நிதானப்படுத்தியது என்று ஆலை ஆதரவாளர்கள் பெருமைப்பட்டுக்கொண்டது இதை வைத்துத்தான். பகல் குடி ஒழிந்தது உண்மை. குடி ஒழிந்ததா என்றால், இல்லை. அது இரவுக்கு இடம் பெயர்ந்தது. நாக்கு வறண்டு, மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சு அடைத்து வெளியே வருகிற ஆளுக்கு வீட்டில் என்ன காத்திருந்தது? மான்செஸ்டருக்குத் தொலைவில் உள்ள லாங்டென்டேல் பள்ளத்தாக்கிலிருந்து நல்ல தண்ணீர் குழாயில் வந்து சேர்ந்தது 1851இல்தான். அதுவரை ஏழைத் தெருக்களில் கிணறும் தெருக்குழாயும் தண்ணீர் விற்பவரும்தான். அந்தத் தண்ணீரைவிட பீர் பாதுகாப்பானது என்று மக்கள் நம்பியதில் தவறில்லை. காய்ச்சித்தானே பீர் வடிக்கிறார்கள்! அரசும் கைகொடுத்தது. 1830இல் வந்த பீர்க்கடைச் சட்டத்தின்படி, வரி கட்டும் எந்தக் குடும்பத் தலைவரும் இரண்டு கினி கட்டணம் செலுத்தித் தன் வீட்டிலேயே பீர் விற்கலாம். ஆறே மாதத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் திறந்தன. ஆலை வாசலிலிருந்து வீடுவரை தெருவுக்குத் தெரு வெளிச்சமும் கணப்பும் உட்கார பெஞ்சும் இருந்த ஒரே இடம் பீர்க்கடைதான். மான்செஸ்டரில் இரண்டு ஆண்டு வாழ்ந்துவிட்டு 1845இல் எங்கெல்ஸ் எழுதிய நூலும் இதைத்தான் காட்டுகிறது: களைத்து வருகிறவருக்கு வீடு வசிக்கும்படி இல்லாதபோது குடி ஒரு தேவையாகவே ஆகிவிடுகிறது.

குடிக்கு எதிராக அங்கே எழுந்த இயக்கமும் இந்தப் பின்னணியில் பிறந்ததுதான். பிரெஸ்டன் ஒரு பருத்தி நகரம். 1832 செப்டம்பர் 1 அன்று அங்கே ஏழு பேர் எந்த மதுவையும் தொடுவதில்லை என்று கையெழுத்திட்டார்கள். பீர் சரி, சாராயம்தான் தப்பு என்ற பழைய நிலைப்பாட்டை உடைத்த முழு மதுவிலக்கு இயக்கம் அங்கிருந்து நாடெங்கும் பரவியது. அதன் தலைவர் ஜோசப் லிவ்சி சிறு வயதில் ஈரம் கசியும் நிலவறையில் கைத்தறி நெய்தவர். தறி மரத்தில் புத்தகத்தைச் சாய்த்து வைத்து, நெய்துகொண்டே படித்தவர். பீர் உடம்புக்கு வலு என்று உழைப்பாளிகள் நம்பியதால், அவர் கூட்டம் கூட்டி, அவர்கள் கண்முன்னே பீரைக் காய்ச்சி, அதிலிருந்து வடிந்த சாராயத்தைக் கொளுத்திக் காட்டுவார். மிஞ்சிய சத்து எவ்வளவு அற்பம் என்று கணக்குப் போட்டுச் சொல்வார். எனக்கு லிவ்சியிடம் பிடித்தது, அவர் கும்பியைப் பற்றிப் பேசாமல் குடியைப் பற்றிப் பேசவில்லை என்பது. ரொட்டி விலையை ஏற்றிவைத்திருந்த தானியச் சட்டங்களுக்கு எதிராகவும் அவர் பத்திரிகை நடத்தினார். பின்னால் வந்த மதுவிலக்குப் பிரசாரகர்கள் பலர் அவருடைய உறுதிமொழியை எடுத்துக்கொண்டு அந்தப் பத்திரிகையை விட்டுவிட்டார்கள்.

ஆலைக்குள் போனவர்களின் கதை இப்படி என்றால், வெளியே நின்றுவிட்டவர்களின் கதை இன்னும் கொடியது. 1813இல் பிரிட்டன் முழுவதும் சுமார் 2,400 விசைத்தறிகள் இருந்தன. 1833இல் அவை ஒரு லட்சம். 1820களில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பருத்திக் கைத்தறி நெசவாளர்கள் இருந்தார்கள். போல்டன் நகரில் 1800ஐ ஒட்டி வாரம் 25 ஷில்லிங் அளவுக்குச் சம்பாதித்த நெசவாளிக்கு 1830இல் ஆறு ஷில்லிங்கூடத் தேறவில்லை. இவர்கள் வேலையை ஒரே நாளில் இழக்கவில்லை. கூலி ஆண்டுக்கு ஆண்டு கரைய, அதை ஈடுகட்ட இன்னும் அதிக நேரம் நெய்தார்கள். அப்படிக் கூடுதலாக நெய்தது விலையை இன்னும் இறக்கியது. இவர்களுக்குக் குடிக்கவும் வசதியில்லை. குடிக்க வசதியில்லாதவர் எங்கே போவார்? அந்தக் கேள்விக்கான விடை, மான்செஸ்டரில் பிறந்த எழுத்தாளர் தாமஸ் டி குவின்ஸி 1821இல் எழுதிய அபின் நினைவுக் குறிப்புகளில் கிடைக்கிறது. பருத்தித் தொழிலாளர் அபின் பழக்கத்துக்கு வேகமாக ஆட்படுகிறார்கள் என்று ஆலை முதலாளிகள் சிலரே தன்னிடம் சொன்னதாக அவர் பதிவு செய்கிறார். சனிக்கிழமை பிற்பகல்களில் மருந்துக் கடை மேசைகளில் ஒரு கிரெயின், இரண்டு கிரெயின் அளவில் அபின் உருண்டைகளைத் தயாராக உருட்டிவைத்திருப்பார்களாம். காரணமாக அவர் சொல்வது கூலி வீழ்ச்சியை. பீரும் சாராயமும் வாங்கக் கட்டுப்படியாகாத ஆளுக்கு அபின் மலிவு. தாய் ஆலைக்குப் போகும் வீட்டில் குழந்தை அழாமல் கிடக்க அதே அபின் கலந்த ‘காட்ஃப்ரீஸ் கார்டியல்’ என்ற சாற்றைப் புகட்டினார்கள். உறங்கியபடியே மெலிந்து செத்த குழந்தைகளைப் பற்றி அந்தக் கால மருத்துவர்கள் வேதனையோடு எழுதியிருக்கிறார்கள்.

கைத்தறி நெசவாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கும் மசோதாவை நாடாளுமன்றத்தில் முன்னின்று ஆதரித்தவர் ஜான் ஃபீல்டன். டாட்மார்டன் ஊரில் பெரிய ஆலைக்குச் சொந்தக்காரர், சிறுவனாகத் தந்தையின் ஆலையிலேயே வேலை செய்தவர். மசோதா தோற்றது. பிறகு பொருளியலாளர் நாசாவ் சீனியர் முதலியோர் அடங்கிய அரச ஆணையம் நெசவாளர் நிலையை 1837 முதல் 1841 வரை விசாரித்து, அரசு கூலியில் தலையிடக் கூடாது என்று முடித்தது. இதே ஃபீல்டன் தன் ஆலையில் ஒரு சோதனை செய்தார். நூற்கும் மியூல் வண்டி முன்னும் பின்னும் ஓட, அறுந்த நூலை முடிய அதன் பின்னாலேயே நடக்கும் பிள்ளைகள் பன்னிரண்டு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று அளந்தார். இருபது மைலுக்குக் குறையவில்லை. உழைப்பைக் குறைக்கப் பிறந்த இயந்திரம் ஒரு பிள்ளையை நாளொன்றுக்கு முப்பத்திரண்டு கிலோமீட்டர் நடக்கவைத்தது. இயந்திரத்தின் வேகம் கூடக்கூட அந்தத் தூரமும் கூடியது என்பதையும் ஃபீல்டன் கவனித்தார். நூல் மலிந்தது, துணி மலிந்தது, லாபம் குவிந்தது. மிச்சமான உழைப்பில் ஒரு மணி நேரம்கூட அந்தப் பிள்ளையின் கால்களுக்குக் கிடைக்கவில்லை.

நுரையீரலின் கணக்கு இன்னும் நீளமானது. பஞ்சைச் சுத்தம் செய்து சீவும் கார்டிங் பகுதியில் தூசி மூட்டமாக நிற்கும். மான்செஸ்டர் மருத்துவர் ஜேம்ஸ் கே 1831லேயே பருத்தித் தொழிலாளரின் இருமலையும் மூச்சிறைப்பையும் தனி நோயாக விவரித்தார். பைசினோசிஸ் என்று பின்னால் பெயர் பெற்ற இந்த நோய்க்கு ஒரு விசித்திர குணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஓய்வுக்குப் பிறகு திங்கட்கிழமை ஆலைக்குள் காலடி வைத்ததும் மார்பு இறுகும். செவ்வாய், புதன் என்று போகப்போகச் சற்று தளரும். அடுத்த திங்கள் மறுபடி இறுகும். ஆண்டுகள் கழிந்த பின் எல்லா நாளும் திங்கட்கிழமையாகிவிடும். முன்பு கைத்தறிக்காரர் விடுப்பு எடுத்த அதே நாளில், அவர் பேரப்பிள்ளைகள் மூச்சு விடத் திணறினார்கள். இந்த நோய்க்கு பிரிட்டனில் இழப்பீடு கிடைக்கத் தொடங்கியது 1940களில். அதன் பிறகும் 1950களில் ரிச்சர்ட் ஷில்லிங் என்ற மருத்துவர் லங்காஷயர் ஆலைகளில் ஆராய்ந்தபோது, ஒழிந்துவிட்டதாக எல்லோரும் நினைத்த அந்த நோய் கார்டிங் பகுதியில் பரவலாகவே இருந்தது. நெசவுக் கூடத்தில் வேறு துன்பம். தறிகளின் இரைச்சலில் பேச்சே கேட்காது. பெண்கள் உதட்டை மிகையாக அசைத்துப் பேசவும், அதைப் பார்த்தே புரிந்துகொள்ளவும் பழகினார்கள். நடுத்தர வயதிலேயே காது போனவர்கள் ஏராளம். ஊடை நூல் சுற்றிய தாரை நாடாவில் மாற்றும்போது நூல் நுனியைச் சிறு துளை வழியாக வெளியே எடுக்க, துளையில் வாய் வைத்து உறிஞ்சுவார்கள். நாளுக்கு நூற்றுக்கணக்கான தடவை, பலர் எச்சில் பட்ட அதே நாடாவில். முன்பற்கள் சொத்தையாகும், நூலோடு தூசியும் வாய்க்குள் போகும்.

அப்படியானால் நான் இயந்திரத்துக்கு எதிரி என்று யாராவது நினைத்தால், இந்த நாடா விஷயமே பதில் சொல்லும். நாடாவை உறிஞ்சும் வழக்கத்தை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1911இல் தடை செய்தது. தானாகவே தார் மாற்றிக்கொள்ளும் நார்த்ராப் தறி 1890களிலேயே அங்கே புழக்கத்துக்கு வந்துவிட்டது. கையால் நூல் கோக்கும் நாடாவும் இருந்தது. லங்காஷயர் முதலாளிகள் இரண்டையும் வாங்கத் தயங்கினார்கள். பழைய தறி இன்னும் ஓடுகிறதே, புதிதாக ஏன் முதல் போட வேண்டும் என்ற கணக்கு. அங்கே தடை வந்தது 1952இல், அதற்குப் பிறகும் வழக்கம் முழுதாக நிற்கவில்லை. புதிய இயந்திரம் வராததால் தொழிலாளியின் உடம்பு நாற்பது ஆண்டுகள் கூடுதலாகத் தேய்ந்த இடம் இது. ஆனால் தானியங்கித் தறி வந்த இடங்களில், தார் மாற்றும் வேலை மிச்சமானதும் ஒரே ஆளிடம் இருபது தறிகளும் அதற்கு மேலும் ஒப்படைக்கப்பட்டன. லங்காஷயரில் பழைய தறியை வைத்துக்கொண்டே நாலு தறிக்குப் பதில் எட்டுத் தறி பார்க்கச் சொன்னார்கள். பர்ன்லி நகரில் தொடங்கி 1931இல் கதவடைப்பும் மறு ஆண்டு வேலைநிறுத்தமும் வெடித்தது அதனால்தான். அந்த நெசவாளர்கள் தறியை உடைக்கவில்லை. எட்டுத் தறிக்கு என்ன கூலி, வேலை போகிறவருக்கு என்ன வழி என்று கேட்டார்கள்.

குடி எப்போது குறைந்தது என்று பார்த்தால் என் வாதம் இன்னும் உறுதிப்படும். 1847இல் பெண்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் பத்து மணி வேலைச் சட்டம் வந்தது. நாடாளுமன்றத்தில் அதை நிறைவேற்றியவர் அதே ஃபீல்டன். பெண்களும் சிறார்களும் வெளியேறியதும் ஆலையை ஓட்டுவது கடினம் என்பதால் ஆண்களுக்கும் நேரம் குறைந்தது. 1850இல் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு ஆலை நிற்க வேண்டும் என்றாயிற்று. 1874இல் வாரத்துக்கு ஐம்பத்தாறரை மணி. சனிக்கிழமை மத்தியானம் கிடைத்ததும் அந்த நேரத்தை நிரப்பப் புதிய பழக்கங்கள் வந்தன. மதுவிலக்கு இயக்கத்தவருக்காக 1841இல் தாமஸ் குக் ஏற்பாடு செய்த முதல் ரயில் உல்லாசப் பயணத்தின் வழியைப் பின்பற்றி, நெசவு நகரங்கள் ஊரோடு கிளம்பி பிளாக்பூல் கடற்கரைக்குப் போயின. 1888இல் கால்பந்து லீக் தொடங்கியபோது அதன் பன்னிரண்டு அணிகளில் ஆறு லங்காஷயரைச் சேர்ந்தவை. பிரிட்டனில் தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்ட பீர் நுகர்வு 1870களின் நடுவில் உச்சம் தொட்டு, பிறகு இறங்கத் தொடங்கியது. இங்கே ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு. 1870களின் தொடக்கத்தில் கூலி உயர்ந்துகொண்டிருந்தது, கூலி உயர்ந்த அந்த ஆண்டுகளில்தானே குடி உச்சத்துக்குப் போனது, ஆகவே கையில் காசு வந்தால் தொழிலாளி குடிப்பான் என்பதுதானே பாடம் என்று கேட்கலாம். பாதி உண்மை இருக்கிறது. கூலி முதலில் உயர்ந்தது. அதைக் கொண்டு வாங்கத்தக்க வேறு பொருளும் சுகமும் பின்னால்தான் வந்தன. மலிவான தேயிலை, தைத்த உடை, நல்ல வீடு, ரயில் டிக்கெட், விளையாட்டு மைதானம் இவை வரும்வரை காசுக்குப் போக்கிடம் பீர்க்கடை. அவை வந்த பிறகு, கூலி தொடர்ந்து உயர்ந்தும் குடி உயரவில்லை. பொருளாதார மந்தத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் மந்தம் நீங்கிய பிறகும் பழைய உச்சம் நிலைத்துத் திரும்பவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

முதல் உலகப்போர் இதை ஓர் ஆய்வுக்கூடச் சோதனைபோல் நடத்திக் காட்டியது. வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் வாரம் எழுபது மணிக்கு மேலும் வேலை வாங்கினார்கள். உற்பத்தி தடைப்படுவதற்குக் குடிதான் காரணம் என்று அமைச்சர் லாயிட் ஜார்ஜ் 1915இல் முழங்கினார். அரசு மதுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைத்தது. கடை திறந்திருக்கும் நேரத்தைச் சுருக்கியது, ஒருவர் இன்னொருவருக்கு வாங்கித் தருவதைத் தடுத்தது. கிரெட்னா வெடிமருந்து ஆலைக்கு அருகிலிருந்த கார்லைல் நகரின் மதுக்கடைகளை 1916இல் அரசே வாங்கி நடத்தியது. இன்னொரு பக்கம் வெடிமருந்துத் தொழிலாளர் நலக் குழு ஒன்று, ஜார்ஜ் நியூமன் தலைமையில், வேலை நேரத்தையும் உணவையும் களைப்பையும் ஆராய்ந்தது. அதற்காக ஹெச். எம். வெர்னன் செய்த அளவீடுகள் முதலாளிகளைத் திகைக்கவைத்தன: குண்டை வெடிக்கவைக்கும் ஃபியூஸ் பகுதிகளைக் கடையும் பெண்களுக்கு வாரம் அறுபத்தாறு மணியாக இருந்த வேலையை ஐம்பத்தைந்துக்கு இறக்கியபோது மொத்த உற்பத்தி குறையவில்லை, கூடியது. வாரியத்தின் உதவியோடு தொழிற்சாலைகளில் நூற்றுக்கணக்கான உணவகங்கள் திறந்தன. சூடான சாப்பாடும் தேநீரும் வேலையிடத்திலேயே கிடைத்தன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குடித்துக் கலாட்டா செய்ததற்கான தண்டனைகள் 1914இல் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேல். 1918இல் முப்பதாயிரத்துக்கும் கீழ். ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டார்கள், பீரில் தண்ணீர் கலந்தார்கள், விலை ஏறிற்று என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஊரிலேயே இருந்து, கையில் முன்பைவிட அதிகக் கூலி புரண்ட பெண்களிடத்திலும் இந்தத் தண்டனைகள் அதே அளவு சரிந்தன. கடைக் கட்டுப்பாட்டுக்கு இதில் பெரும் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கட்டுப்பாட்டைத் தாங்கிப்பிடித்தது சாப்பாடும் ஓய்வும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வேகத்தை நிர்ணயிக்கும் உரிமை உடம்பைத் தொடும் என்பதை 1970களில் ஸ்வீடன் ஆய்வாளர்கள் மரம் அறுக்கும் ஆலைகளில் அளந்து பார்த்தார்கள். மரியான் ஃபிராங்கன்ஹாய்சரும் பெர்டில் கார்டெலும் நடத்திய அந்த ஆய்வில், இயந்திரத்தின் ஓட்டத்துக்கு ஏற்ப ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தவர்களின் உடலில் அட்ரினலின் வேலை முடியும் நேரத்தில் ஏறிக்கொண்டே போயிற்று. தன் போக்கில் வேலை செய்தவர்களுக்கு அது இறங்கியது. வீட்டுக்குப் போன பிறகும் முதல் வகையினரால் இளைப்பாற முடியவில்லை. பளு தூக்குவது குறைந்தும் மனம் தளர மறுக்கிற அந்த மாலை நேரத்தில்தான் பாட்டில் திறக்கிறது.

இன்று ரோபோ வந்த இடங்களிலும் லங்காஷயரின் இரண்டு பாதைகள் தெரிகின்றன. அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் தொழிற்சாலை ரோபோக்களின் வருகையை ஒப்பிட்டு ஒசேயா ஜுன்டெல்லாவும் சக பொருளியலாளர்களும் 2022இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரு நாடுகளிலும் ரோபோக்கள் உடல் ஆபத்தைக் குறைத்தன. அமெரிக்காவில் வேலையிடக் காயங்கள் கணிசமாகக் குறைந்தன. அதே அமெரிக்காவில், ரோபோக்கள் அதிகம் புகுந்த வட்டாரங்களில் மதுவாலும் போதையாலும் நேரும் சாவுகள் கூடின, மனநலம் குன்றியது. ஜெர்மனியில் அப்படி மனநலப் பாதிப்பு தென்படவில்லை. அங்கே தொழிலாளர் குழு உள்ள தொழிற்சாலையில் பெரிய மாற்றம் செய்யும்போது அந்தக் குழுவோடு பேசியாக வேண்டும், பழைய ஆட்களுக்கு வேறு வேலை பழக்கிக் கொடுத்து வைத்துக்கொள்வது வழக்கம், வேலை போனாலும் மருத்துவக் காப்பீடு போகாது. அமெரிக்காவில் பலருக்கு வேலை போனால் காப்பீடும் கூடவே போகும். ஒரே ரோபோ, இரண்டு விளைவுகள். டி குவின்ஸி கண்ட சனிக்கிழமை அபின் உருண்டைக்கும், அமெரிக்கத் தொழில் நகரங்களை வாட்டும் வலி மாத்திரைப் போதைக்கும் நடுவே இருநூறு ஆண்டு இடைவெளி இருந்தாலும், கூலியும் மதிப்பும் இழந்த ஆட்களே இரண்டையும் நாடினார்கள்.

நம் பஞ்சாலைகளும் இந்த வரலாற்றின் கிளைதான். ஓல்ட்ஹாம் நகரின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனி இந்திய ஆலைகளுக்கு இயந்திரங்களை அனுப்பிவைத்தது. கோவையில் ஸ்டேன்ஸ் 1888இல் ஆலை தொடங்கினார். பைக்காரா மின்சாரம் 1930களில் வந்த பிறகு அந்த ஊர் ஆலை நகரமாயிற்று. லங்காஷயரின் தூசியும் நோயும் கூடவே வந்தன. மது விஷயத்தில் நம் அரசுகள் எடுத்த வழி கடையைப் பற்றியதாகவே இருந்திருக்கிறது. ராஜாஜி 1937இல் நெசவாளர் மிகுந்த சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். பிறகு மாநிலம் முழுதும் மூடினார்கள், 1971இல் திறந்தார்கள், மறுபடி மூடினார்கள், பிறகு மீண்டும் திறந்தார்கள், 2003 முதல் சில்லறை விற்பனையையே அரசின் டாஸ்மாக் நிறுவனம் எடுத்துக்கொண்டது. கடையைத் திறப்பதா மூடுவதா என்பதில் நடந்த விவாதத்தில் பத்தில் ஒரு பங்குகூட, கடைக்குப் போகிறவர் எந்த ஷிப்டு முடித்து, எந்தக் காற்றைச் சுவாசித்துவிட்டு வருகிறார் என்பதைப் பற்றி நடக்கவில்லை. ஆனால் அதைக் கேட்பதற்கு அரசின் கையில் கருவி இருக்கிறது. ஜவுளி ஆலைகள் புதிய இயந்திரம் வாங்க மத்திய அரசு 1999 முதல் பல ஆண்டுகள் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டத்தில் மக்கள் வரிப்பணத்திலிருந்து வட்டிச் சலுகை கொடுத்தது. இனி எந்த இயந்திரத்துக்கு மானியம் கொடுத்தாலும், அந்த ஆலையின் தூசி அளவை வெளியிட வேண்டும், ஒரே ஆளிடம் எத்தனை இயந்திரம் என்பதைத் தொழிலாளர்களோடு பேசித் தீர்மானிக்க வேண்டும், வேலை இழப்பவருக்கு மறுவேலையோ ஓராண்டுக் கூலியோ உறுதி செய்ய வேண்டும் என்ற மூன்று நிபந்தனைகளை அதில் எழுத வேண்டும். தொழிற்சங்கங்களும் சட்டமன்ற உறுப்பினர்களும் இதைக் கேட்க வேண்டும், வரி கட்டுகிற நாமும் கேட்க வேண்டும்.